இரண்டு அட்டையிலும் ஒரே மருந்து

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் காரோடு பஞ்சாயத்தில் ஜிஜா நடக்கிற வார்டில் அவளைத் தெரியாத வீடு கிடையாது. அவள் பெயர் தெரிந்த வீடுகள்தான் குறைவு. பச்சைக் கோட்டும் தோளில் மடித்துப் போட்ட சாக்குமாக அவள் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தால், உள்ளே ஒருவர் இன்னொருவரிடம் பிளாஸ்டிக் எடுக்க ஆள் வந்திருக்கிறது என்று சொல்வது கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பை வரும். கழுவிக் காயவைத்த பையாக இருந்தால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நேரம். பெரும்பாலும் புளித்துப்போன பால் கவரும், எறும்பு மொய்த்த பிஸ்கட் உறையும், அடியில் ஒளித்து வைத்த குழந்தை டயப்பரும் சேர்ந்துதான் வரும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லிச் சொல்லி முதல் இரண்டு வருடத்திலேயே அந்தத் தெம்பு தீர்ந்துபோயிருந்தது.

ஹரித கர்ம சேனை என்பது அந்த வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர். வார்டுக்கு இரண்டு பெண்கள். வீடு வீடாகப் போய் மக்காத குப்பையை வாங்கி, கதவில் ஒட்டியிருக்கிற க்யூஆர் சீட்டைப் போனில் ஸ்கேன் செய்து பதிந்து, சாக்கில் கட்டி, பஞ்சாயத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய்த் தரம் பிரிக்க வேண்டும். ஜிஜாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்தது பனச்சமூட்டில். கல்யாணத்துக்கு முன்பு எல்லைக்கு அந்தப் பக்கம் அண்டி ஆபீஸ் என்கிற ஒரு முந்திரித் தொழிற்சாலையில் கொட்டை உடைத்தாள். கட்டிக்கொடுத்தது காரோட்டில். கணவன் சஜு டைல்ஸ் ஒட்டுகிறவன். முழங்கால் தேய்ந்துபோய் வாரத்தில் நாலு நாள்தான் வேலைக்குப் போக முடிகிறது. மகள் அனுமோள் பிளஸ் டூ படிக்கிறாள். மாமனார் தாசையனுக்கு எழுபத்தெட்டு வயது. இத்தனை பேருக்கும் சோறும் கறியும் ஆக்கி மூடி வைத்துவிட்டு ஏழரைக்கு இறங்கினால், திரும்பி வந்து குளிக்கும்போது ஐந்து மணி தாண்டிவிடும்.

கூட நடக்கிறவள் ஓமனா. ஐம்பத்தாறு வயது. கணவன் இறந்து பதினோரு வருடமாகிறது, மகன் துபாயில் இருக்கிறான். ஜிஜா அவளை ஓமனக்கா என்பாள். இருவரும் சேர்ந்து ஆறு வருடம் நடந்திருந்தார்கள். பேசுவதற்கு இருந்ததையெல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டதால் இப்போது பெரும்பாலும் பேசாமல்தான் நடப்பார்கள்.

ஷெட் என்பது தகரக் கூரை, மூன்று பக்கம் கம்பி வலை, ஒரு பக்கம் சுவர். சாக்கைத் தட்டினால் தூசி எழும்பி, காற்று இல்லாததால் அப்படியே நிற்கும். மூன்றாவது வருடத்தில் ஜிஜாவுக்குத் தும்மல் தொடங்கியது. ஒன்று இரண்டல்ல, இருபது, முப்பது. பிறகு மணிக்கட்டிலும் கழுத்திலும் கொசு கடித்த மாதிரி தடிப்புகள் வந்தன. சொறிந்தால் தடிப்பு ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வீங்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காரத் தொடங்கினாள். ஜெபத்தின் நடுவில் தும்மல் வந்தால் எழுந்து வெளியே போக அதுதான் வசதி.

அம்மாவைப் பார்க்கப் பனச்சமூட்டுக்குப் போன ஒரு நாள், பஸ் வர நேரமிருந்ததால் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் கேட்டாள். கடைக்காரர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தூசியில் வேலையா என்று கேட்டார். ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார். சின்ன மஞ்சள் மாத்திரை. இதைத் தின்றால் தூக்கம் வரும், ராத்திரி படுக்கும்போது ஒன்று போட்டால் போதும், பத்து நாளில் குறையவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஜிஜாவும் ஆரம்பத்தில் அப்படியேதான் செய்தாள். பத்து நாளில் குறைந்தது. நிறுத்தினால் திரும்ப வந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் வேலையை விட வேண்டும். அதனால் அடுத்த அட்டையை வாங்கினாள்.

அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் வழியில் இருக்கிற ஏதாவது ஒரு கடையில். காலி அட்டையை நீட்டினால் புது அட்டை வரும். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டில் அலமாரி மேலே பழைய பிஸ்கட் டப்பாவில் அந்த அட்டை எப்போதும் இருக்கும். சஜுவுக்குச் சளி பிடித்தால் அதிலிருந்து ஒன்று எடுப்பான். மாமனாருக்கு ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஜிஜாவே ஒன்று எடுத்துக் கொடுப்பாள்.

பேட்டரி ஆட்டோ வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம். அதுவரை சாக்குகளைத் தலையிலும் தள்ளுவண்டியிலும் கொண்டுபோனார்கள். ஓட்டப் பழகுவதற்கு நெய்யாற்றின்கரைக்கு மூன்று பெண்களை அனுப்பினார்கள். இரண்டு பேர் பயந்து விட்டுவிட்டார்கள். ஜிஜா லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வாரம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு அதுவும் வேலைகளில் ஒரு வேலையாகிவிட்டது. மற்ற நாலு வார்டுகளின் சாக்குகளையும் அவளே ஏற்றிப் போக வேண்டியிருந்தது.

மாத்திரை வேறு, வண்டி வேறு. இரண்டையும் சேர்த்து யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. ராத்திரி போட்ட ஒன்று மதியத்துக்குள் போதாமலாகி, காலையிலும் ஒன்று போட ஆரம்பித்திருந்தாள். அதோடு வாய் எப்போதும் உலர்ந்துபோயிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஸ்டாப் தாண்டிப் போய்விடுகிறாள். அரிசி கழுவிக்கொண்டே ஒரு நிமிஷம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்கிறாள். வயதாகிறது, வேலை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அந்த வேலை செய்கிற எல்லாப் பெண்களும் களைத்துத்தான் இருந்தார்கள். தன் களைப்பு மட்டும் வேறு மாதிரி என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் ஜிஜாவுக்குச் சளியும் பிடித்திருந்தது. விடியற்காலையில் மஞ்சள் மாத்திரை ஒன்று போட்டாள். மூக்கு அடைத்துக்கொண்டிருந்ததால் காலை ஆகாரத்துக்குப் பிறகு, சஜு வாங்கி வைத்திருந்த ஜலதோஷ மாத்திரை ஒன்றையும் போட்டுக்கொண்டாள். பதினோரு மணிக்கு ஒரு வீட்டில் கொடுத்த சாக்கைத் திறந்தபோது பூசணம் பிடித்த தலையணை உறையும் தெர்மோகோல் பொடியும் முகத்தில் அடித்தன. கண் வீங்கி நீர் வழிந்தது. கோட்டுப் பையிலிருந்து இன்னொரு மஞ்சள் மாத்திரையை எடுத்து, அந்த வீட்டுப் பைப்பிலேயே தண்ணீர் பிடித்து விழுங்கினாள்.

மதியம் ஒன்றரை மணிக்கு வண்டி நிறைந்தது. ஷெட்டுக்குப் போகும் வழி சானல் கரையோடு போகிறது. பாசனத்துக்கு வெட்டிய கால்வாயை அங்கே சானல் என்பார்கள்; பாதி வருடம் தண்ணீர் இருக்காது, புல்லும் கல்லும்தான் கிடக்கும். ஓமனா ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில். பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் அந்த இரைச்சலாவது உலுக்கிக்கொண்டிருக்கும். ஜிஜா கடைசியாகப் பார்த்தது, எதிரே ரோட்டில் குறுக்கே கிடந்த ஒரு தென்னையின் நிழல். அடுத்து அவளுக்குத் தெரிந்தது, வண்டி சாய்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்பது.

எட்டடி ஆழம் இருக்கும். வண்டி சரிவில் பாதி உருண்டு ஒரு மரத்தில் முட்டி நின்றது. சாக்குகள் பிரிந்து பால் கவர்கள் சானல் முழுக்கப் பறந்தன. ஜிஜாவுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஓமனா கீழே கல்மேல் வலது தோள் பட விழுந்திருந்தாள். எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் இன்னொரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜிஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சானல் கரையில் தங்கையனின் டீக்கடை உண்டு. அங்கிருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். தங்கையன்தான் முதலில் இறங்கினான். ஓமனாவைத் தூக்கி மேலே கொண்டுவந்த பிறகு ஜிஜாவிடம் கேட்டான்.

"பட்டி குறுக்க சாடிச்சா?"

ஜிஜா தலையாட்டினாள். அவன் கேட்டது நாயைப் பற்றி என்று அவளுக்குப் புரிவதற்குள் தலை ஆடிவிட்டது. பிறகு அதைத் திருத்த ஒரு இடம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் தங்கையன் அதைச் சொன்னான். அங்கே சீட்டு எழுதுகிறவரிடமும் அவனே சொன்னான். சாயங்காலம் வார்டு மெம்பர் ராஜபாய் வந்தபோது அது நடந்த விஷயமாகவே ஆகிவிட்டிருந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. ரோட்டில் நாய்த் தொல்லை உண்மையாகவே இருந்தது. அடுத்த கிராமசபையில் இந்த விபத்தைச் சொல்லியே மூன்று பேர் எழுந்து நாய்களைப் பற்றிப் பேசினார்கள். ஜிஜா பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தங்கையன் கடை வாசலில் ஒரு செம்பட்டை நாய் ரொம்ப நாளாகக் கிடந்தது. பரோட்டாத் துண்டு தின்று வளர்ந்தது. அதைக் கல்லெறிந்து விரட்டிவிட்டார்கள்.

ஓமனாவுக்குத் தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. ஆறு வாரம் கட்டு. மகன் தினமும் போன் செய்தான். வர லீவு கிடைக்கவில்லை. ஜிஜா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நேராக ஓமனாவின் வீட்டுக்குப் போவாள். துணி துவைத்து, சோறு ஆக்கி, தலை சீவிப் பின்னிவிட்டு, அதன் பிறகுதான் தன் வீட்டுக்கு. அங்கேயும் அடுப்பு காத்திருக்கும். ஓமனா ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. யாராவது பார்க்க வந்து கேட்டால் மட்டும், ஆமாம், நாய்தான், நானும் கண்டேன் என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஜிஜா அடுக்களைக்குள் போய்விடுவாள். ஓமனக்கா எதைக் கண்டாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

தூங்கிவிட்டோம் என்பது ஜிஜாவுக்குத் தெரியும். ஏன் தூங்கினோம் என்பது தெரியாது. மாத்திரையை விடவும் இல்லை. வண்டி பட்டறையில் கிடந்தது. தலைச்சுமையாகவே சாக்குகள் போயின.

ஐந்தாவது வாரம், வண்டி சரியாகிவிட்டது, திங்கட்கிழமை எடுக்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்தில் சேனைப் பெண்களுக்கு வருடாந்தரப் பரிசோதனை. ரத்தம், பிரஷர், கண் எல்லாம் பார்த்து முடித்தபின், தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுகிறவர்கள் அட்டையோடு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வரச் சொன்னார்கள். ஜன்னலுக்கு உள்ளே அமிர்தா என்ற பெண் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. காலையிலிருந்து நின்று கால் வீங்கியிருந்தது. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

ஜிஜா கோட்டுப் பையில் இருந்த இரண்டு அட்டைகளையும் வைத்தாள். ஒன்று மஞ்சள் மாத்திரை. இன்னொன்று அந்த ஜலதோஷ மாத்திரை, மூன்று மிச்சமிருந்தது. அமிர்தா இரண்டையும் திருப்பி, பின்னால் இருக்கிற பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"ரெண்டையும் ஒரே நாள் சாப்பிட்டதுண்டா, சேச்சி?"

உண்டு என்றாள் ஜிஜா. சளி வரும்போது.

"பேருதான் வேற. ரெண்டு அட்டையிலயும் ஒரே மருந்தாக்கும். இதுல தனியா இருக்கு, அதுல காய்ச்சல் மருந்தோட சேர்ந்து இருக்கு. ரெண்டும் போட்டா டபுளா உள்ள போகும்."

எத்தனை போடுவீர்கள் என்று கேட்டாள். ஜிஜா சொன்னாள். சில நாள் மூன்று என்று அவள் சொல்லும்போது அமிர்தா எழுதுவதை நிறுத்தினாள். பிறகு இன்னொரு கேள்வி கேட்டாள், அவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது: வண்டி ஓட்டுவீர்களா?

ஜிஜா அட்டைகளைத் திரும்ப எடுத்துப் பையில் வைக்கப் போனாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அமிர்தா அதைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து அவளை உள்ளே வரச் சொன்னாள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் ஜிஜா முதல் தடவையாக அதைச் சொன்னாள். நாய் இல்லை, நான் தூங்கிவிட்டேன் என்று. அழவில்லை. சொல்லி முடித்ததும் இன்னும் களைப்பாகத்தான் இருந்தது.

அமிர்தா திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். தடிப்பைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இந்தப் பழைய மாத்திரை மூளையையும் மந்தமாக்குகிற ஜாதி, ராத்திரி போட்டாலும் மறுநாள் மதியம் வரை அதன் மப்பு இருக்கலாம், தூக்கம் வருவதுகூடப் பலருக்குத் தெரியாது, தெளிவாக இருக்கிறோம் என்றே நினைப்பார்கள் என்றார். வேறு மாத்திரை எழுதினார். நாளுக்கு ஒன்றுதான். குறையவில்லை என்று இரண்டாவது போடக் கூடாது, இங்கே வர வேண்டும். இதிலும் சிலருக்குத் தூக்கம் வரும். அதனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று சில வாரம் பார்க்காமல் வண்டியைத் தொடக் கூடாது. சளிக்கு எது வாங்கினாலும் கடையில் இந்த அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும். என்றைக்காவது உதடோ நாக்கோ வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீட்டில் வேறு யாராவது இதைச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். மாமனாருக்கு எப்போதாவது கொடுப்பேன் என்றாள் ஜிஜா. அவருக்கு மூத்திரம் போக சிரமம் உண்டா என்று கேட்டார் டாக்டர். உண்டு, இந்த ஒரு வருடமாக என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வயசானவர்களுக்கு இது ஆகாது, அடைத்துக்கொள்ளும், புத்தியும் தடுமாறும், இனி கொடுக்காதீர்கள், அவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஜிஜா சரி என்றாள். மனசு தாங்கக்கூடியதைவிட அதிகமாக அன்றைக்குச் சேர்ந்துபோயிருந்தது.

அங்கிருந்து நேராக ஓமனாவின் வீட்டுக்குப் போனாள். நாலு மணி இருக்கும். ஓமனா வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜிஜா சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அதுதான் வசதியான இடம் என்று பட்டது. பாதிப் பின்னலில் சொன்னாள். நாய் ஒன்றும் சாடவில்லை, நான் தூங்கிவிட்டேன், காலையிலிருந்து மூன்று மாத்திரை போட்டிருந்தேன், அது இப்படிச் செய்யும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த வீட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

"நானும் ஒறங்கிட்டுதான் இருந்தேன், மக்கா," என்றாள் ஓமனா. "கண்ண மூடினது நினைப்பிருக்கு. பொறவு கல்லுல கெடக்கேன். நீ பட்டி எண்ணு சொன்ன. நான் ஒறங்கினத ஆருட்ட சொல்ல? அதனால நானும் கண்டேன் எண்ணு சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்பம் அந்தப் பட்டி எனக்கு கண்ணுல தெரியுது."

ஜிஜா சீப்பைப் பிடித்தபடி நின்றாள். ஓமனா திரும்பவில்லை.

"ஒறங்கினது தப்பில்ல. ஒனக்கு ஒடம்புக்கு வய்யாம இருந்தது தெரியும். மூணு குளிகை போட்டுட்டு என்ன பக்கத்துல இருத்தி ஓட்டினியே, அதாக்கும் தப்பு. ஒரு வாக்கு சொல்லியிருந்தா நான் நடந்து வந்திருப்பேன்."

பின்னலை முடி, இருட்டுவதற்கு முன் வீட்டுக்குப் போ என்றாள் ஓமனா. ஜிஜா பின்னி முடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அடுப்பில் கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் போனபோது ஓமனா பேசவில்லை. அதற்கடுத்த நாளும். ஆனால் தலையைச் சீவக் கொடுத்தாள்.

வீட்டில் சஜுவிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய் பிஸ்கட் டப்பாவை இறக்கினான். அதிலிருந்த மஞ்சள் மாத்திரைகளைத் தனியே எடுத்து ஒரு கவரில் கட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டுக்காரர்களோடு குடிக்கிற வழக்கம் அவனுக்கு உண்டு. அந்தக் குடிக்கு மேல் இதையும் தின்று படுத்த நாட்கள் எத்தனை என்று அவனே எண்ணிப் பார்த்தான் போலிருக்கிறது. அன்று ராத்திரி சோறு தின்னாமல் படுத்தான். அனுமோள் மட்டும் அம்மாவிடம், அப்போது ஓமனா மாமி செத்திருந்தால் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பயந்து போனாள்.

திங்கட்கிழமை ஜிஜா வண்டியை எடுக்கவில்லை. மெம்பர் ராஜபாயின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். ராஜபாய் காலையிலேயே மூன்று சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விபத்து ரிப்போர்ட்டில் எழுதினது எழுதியாயிற்று, இனி மாற்றினால் நூறு கேள்வி வரும், அடிபட்டதற்காக ஓமனாவுக்குக் கிடைக்க வேண்டிய பண உதவியும் தடைபட்டால் என்ன செய்வது என்றாள். ஜிஜா அதை யோசித்திருக்கவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து ராஜபாயே கூப்பிட்டனுப்பினாள். பஞ்சாயத்து செகரெட்டரியிடம் கேட்டிருந்தாள், உதவிக்கு அதனால் தடை வராது. ஜிஜாவும் ராஜபாயும் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள். ஜிஜாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, டாக்டர் சீட்டு கொண்டுவரும் வரை ஓட்டக் கூடாது என்றும் எழுதியிருந்தது. அதைத்தான் அவளும் கேட்டிருந்தாள். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. சிலர் இரண்டு வாரம் பேசினார்கள். தங்கையனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன் டீ ஆற்றிக்கொண்டே, அந்த நாயை இப்போது எங்கே போய்த் தேட என்று மட்டும் கேட்டான்.

வண்டி மினி என்ற பெண்ணிடம் போனது. ஜிஜா பழையபடி நடந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து அமிர்தா கெட்டியான முகமூடி ஒரு பெட்டி கொடுத்திருந்தாள். வெயிலில் அதைப் போட்டால் மூச்சு வாங்கும், போடாவிட்டால் தும்மல். முழங்கை வரை வருகிற கையுறை, வீட்டுக்கு வந்ததும் முதலில் குளியல், வேலைத் துணியைத் தனியே துவைப்பது என்று வேலைக்கு மேல் வேலை சேர்ந்தது. புது மாத்திரை தடிப்பை முழுக்கப் போக்கவில்லை. பாதி குறைத்தது. முன்பானால் இன்னொன்று போட்டிருப்பாள். இப்போது கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மாதம் கழித்து டாக்டரைப் பார்த்தபோது அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அது கொஞ்சம் பரவாயில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. களைப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு கணக்கு வந்திருந்தது. ஏறின ஏற்றத்துக்குக் கால் வலித்தது, தூக்கின சாக்குக்குத் தோள் வலித்தது. படுத்தால் தூக்கம் வந்தது, எழுந்தால் விழிப்பு இருந்தது. பஸ்ஸில் தன் ஸ்டாப்பில் இறங்கினாள். சர்ச்சில் ஒரு நாள் பிரசங்கம் முழுவதும் கேட்டாள். அது அவ்வளவு நீளம் என்று அவளுக்கு முன்பு தெரியாது. மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு வேறு மருந்து தொடங்கினார்கள். ராத்திரி அவர் இப்போதும் தூங்குவதில்லை. ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஓமனா ஜூன் மாதம் திரும்ப வேலைக்கு வந்தாள். வலது கை தோளுக்கு மேலே உயரவில்லை. இனி உயராது என்று சொல்லிவிட்டார்கள். சாக்கு தூக்க முடியாது. சாக்கின் வாயைக் கட்டவும் போனில் பதியவும் அவளை வைத்துக்கொண்டார்கள். ஜிஜாவுக்கும் அவளுக்கும் இடையில் பேச்சு வந்திருந்தது, தேவைக்கு மட்டும். தலை சீவிக்கொள்ள இப்போதும் ஜிஜா வேண்டியிருந்தது. வேலைக்கு வரும் வழியில் ஜிஜா அங்கே ஏறி, சீவிப் பின்னிவிட்டு, இருவரும் சேர்ந்து இறங்குவார்கள்.

ஜூலையில் மினிக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரவில்லை. ஜிஜா ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. சீட்டைப் பஞ்சாயத்திலும் கொடுத்தாயிற்று. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பதினாலு சாக்கு சேர்ந்திருந்தது. ராஜபாய் போனில் கூப்பிட்டு, முடியுமா, முடியாவிட்டால் வேறு வழி பார்க்கலாம் என்றாள். முடியும் என்றாள் ஜிஜா.

வண்டியைத் துடைத்து, சாக்கை ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டினாள். ஓமனா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்து போகிறாளா ஏறுகிறாளா என்று ஜிஜா கேட்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஓமனா பக்கத்தில் வந்தாள்.

"குளிகை எப்பம் போட்ட?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒண்ணு."

"சளி உண்டா?"

"இல்ல."

ஓமனா கொஞ்சம் யோசித்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மெதுவாகப் போ என்று சொன்னாள். ஜிஜா மெதுவாகத்தான் போனாள். சானல் ரோட்டில் தங்கையன் கடைக்கு எதிரே வரும்போது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அங்கே நிறுத்தி, மழை விடுகிற வரை இருவரும் தகரத்துக்குக் கீழே நின்று பாலில்லாத கடுஞ்சாயா குடித்தார்கள். பிறகு சாக்குகளை ஷெட்டில் இறக்கிவிட்டு, மிச்சமிருந்ததை எடுக்க இன்னொரு தடவை போனார்கள்.